குரங்கு தூக்கி வந்த மலை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். 'ஆரம்பகால இணையத்தில் அறிவியல் புனைகதைத் தொடர் ரசிகர்கள் கூடிப் பேசியது தொடர்களுக்குத் துணையா, தொல்லையா?' நான் துணைக் கட்சி. ஏழு காரணம் எழுதி வந்தேன். எதிரணி அண்ணன் பேச்சைக் கேட்டதும் ஏழையும் மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

என்ன சொன்னார்? "பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். சரி, அந்தக் குரங்கைப் பற்றியே பேசுவோம்.

'பாபிலோன் 5' என்று 1990களில் வந்த அமெரிக்கத் தொடர். அதை உருவாக்கியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. நம்மூரில் ஓர் இயக்குநரைப் பார்க்க மேனேஜரைப் பிடிக்க வேண்டும். மேனேஜரைப் பிடிக்க டிரைவரைப் பிடிக்க வேண்டும். இவரோ யூஸ்நெட் என்ற அந்தக் காலத்து இணைய அரட்டைத் திண்ணைக்குத் தானே வந்து ரசிகர்களுக்குப் பதில் எழுதினார். படம் கிடையாது, லைக் கிடையாது, வெறும் எழுத்து. கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கதை யோசனை மட்டும் இங்கே எழுதாதீர்கள்.

பாயசத்தைத் தொடாதே என்றால் விரல் சும்மா இருக்குமா? ஒருவர் எழுதிவிட்டார். கொலைகாரன் ஒருவனின் நினைவைத் தண்டனையாக அழித்துவிடுகிறார்கள். பின்னாளில் தான் யார் என்று அவனுக்குத் தெரியவந்தால்? அட, ஸ்ட்ராசின்ஸ்கியும் அதே கதையைத்தான் மனதில் வைத்திருந்தார்! இனி அதைப் படமாக்கினால் 'என் யோசனை' என்று வழக்கு வரலாம். கதையை ஓரமாக வைத்துவிட்டார்.

அண்ணன் இத்தோடு நிறுத்திக்கொண்டார். ஏன்? மிச்சத்தையும் சொன்னால் எழுந்து வந்து எங்கள் பக்கம் உட்கார வேண்டியிருக்கும்! அதே ரசிகர்தான், அதைப் படமாக்கத் தடையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் பழைய பாவம் தனக்கே தெரியாத துறவியின் கதையாக 1995இல் அது ஒளிபரப்பானது. குரங்கு என்றீர்களே அண்ணே, மூர்ச்சையாகிக் கிடந்த இலக்குவனுக்கு மலையைத் தூக்கி வந்தது யார்? பிள்ளையாரின் மூஞ்சூறா?

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒரே நிமிஷம் ஐயா.

அந்தக் காலத்து மடல்களில் கதை முடிவைச் சொல்லும் முன் ஒரு திரை நீளத்துக்கு வெற்று வரிகள் விடுவார்கள். இன்னும் பார்க்காதவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். முகம் தெரியாத, ஊர் தெரியாத ஒருவருக்காக! ராத்திரி நேரம் கழித்து வரும் பிள்ளைக்கு அம்மா சோற்றை மூடி வைப்பாளே, அதுதான் ஐயா அந்த வெற்று வரி.

1994இல் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு விமானப் பயணிகள் பட்டியல் காட்டினார்கள். அதில் இருந்தவை இணையத்தில் அந்தத் தொடரைப் பேசித் தீர்த்த ரசிகர்களின் பெயர்கள். சில நொடிதான். எவனாவது ஒருவன் டிவியை ஒட்டி நின்று, விரலை வைத்து, "அம்மா, இதோ என் பேர்" என்று காட்டியிருப்பானா இல்லையா? அவனிடம் போய்த் தொல்லை என்று சொல்லுங்கள் அண்ணே, பார்ப்போம். வணக்கம்.