உருகாமலே தளரும் எஃகு

நேயர்களுக்கு வணக்கம்.

எஃகுச் சட்டகக் கட்டடம் ஒன்று தீயில் இடிந்தது என்று கேள்விப்பட்டதும், எஃகு உருகிவிட்டதா என்றே பலரும் கேட்கிறார்கள். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மேசை நாற்காலிகளும் காகிதங்களும் எரியும் தீ அந்த அளவை எட்டுவதில்லை. கட்டடம் விழுவதற்கு எஃகு உருகவேண்டிய அவசியமும் இல்லை.

400 டிகிரி வரை தன் வலிமையைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும் கட்டுமான எஃகு, 600 டிகிரியில் அதில் பாதிக்குமேல் இழந்துவிடுகிறது. அதன் விறைப்போ, அதாவது சுமையில் வளையாமல் நிற்கும் தன்மையோ, இன்னும் வேகமாகக் குறைந்து, அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே எஞ்சுகிறது. தூண்களுக்கு இதுவே பெரிய ஆபத்து. ஏனெனில் மெலிந்து உயர்ந்த தூண் பெரும்பாலும் நசுங்கி விழுவதில்லை, பக்கவாட்டில் வளைந்தே விழுகிறது.

சூடேறும் எஃகு நீளவும் செய்கிறது. 10 மீட்டர் உத்தரம் ஒன்றின் வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால், அது 6 முதல் 7 சென்டிமீட்டர் வரை நீளும். இந்தச் சிறிய நீட்சி என்ன செய்யக்கூடும் என்பதை 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கண்டோம். உலக வர்த்தக மையத்தின் 47 மாடி கொண்ட ஏழாம் கட்டடத்தில் விமானம் எதுவும் மோதவில்லை. பக்கத்துக் கோபுரத்தின் இடிபாடுகளால் அங்கே தீப்பற்றியது. நகரக் குடிநீர்க் குழாய்கள் உடைந்திருந்ததால் கீழ்த் தளங்களின் நீர்த்தெளிப்பான்களுக்குத் தண்ணீர் வரவில்லை. சுமார் ஏழு மணி நேரம் எரிந்தபின் கட்டடம் முழுவதும் சரிந்தது. அமெரிக்க அரசின் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தளத்தைத் தாங்கிய உத்தரங்கள் வெப்பத்தால் நீண்டு, 13ஆம் தளத்தின் முதன்மை உத்தரம் ஒன்றை அது அமர்ந்திருந்த தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன. அடுத்தடுத்துத் தளங்கள் விழ, பக்கத்துணையை இழந்த 79ஆம் எண் தூண் வளைந்தது.

தீ அணைந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. குளிரும் உத்தரம் சுருங்கி, இணைப்பிலுள்ள போல்ட்டுகளை இழுத்து அறுக்கவும் கூடும்.

எஃகின் மீது தெளிக்கப்படும் காப்புப் பூச்சும், சூடுபட்டால் நுரைத்துப் பருக்கும் வண்ணப்பூச்சும் வெப்பம் ஏறும் வேகத்தைக் குறைத்து, மக்கள் வெளியேற நேரம் தருகின்றன. மெல்லிய எஃகு விரைவில் சூடேறுவதால், அதற்கே தடித்த பூச்சு தேவை. மின்கம்பியோ குழாயோ பொருத்துவோர் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால், அன்றே அதைச் சரிசெய்யுமாறு கட்டட உரிமையாளர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.