பூசணத்துக்குப் பிடித்தது எது?

வணக்கம் நேயர்களே. நம் மொரிசியஸில் கியூர்பிப் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூசணத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரம் மழை பிடித்தால் அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பு பச்சை பூத்துவிடும். அருங்காட்சியகத்துக்கு வருவதும் அதே பூசணம்தான். தாளின் நார், அட்டையின் பசை, பழைய நிழற்படத்தின் ஜெலட்டின் எல்லாமே அதற்குச் சாப்பாடு. மோக்காவில், மகாத்மா காந்தி நிலையத்தில், நம் பாட்டன்மார் கப்பலில் வந்திறங்கியதைக் குறித்த பதிவேடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட தாளுக்கு மறுபிரதி கிடையாது.

பூசணத்தின் வித்து காற்றில் எங்கும் உண்டு, விரட்ட முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குள் நின்றால் பெரும்பாலான பூசணம் முளைக்காது.

நான் எப்போதும் சண்டை பிடிப்பது ஏசியைப் பற்றி. பகலெல்லாம் அறையை 20 பாகைக்குக் குளிரவைத்து, மாலையில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, போதாக்குறைக்கு வாளித் தண்ணீரால் தரையும் துடைப்பார்கள். நம் கோடைக் காற்று 28 பாகை, 75 விழுக்காடு ஈரம் என்று வையுங்கள். அது 23 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும், பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தல் வியர்க்கிறதே, அப்படி. சுவர் வியர்க்கும். சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகுப்பக்கம் காற்றே போகாது. நடு அறையில் தொங்கும் ஈரப்பதமானி 60 காட்டும், அலமாரிக்குப் பின்னால் 85 இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை, மாட்டிய இடம்தான் தப்பு. அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுங்கள், கருவியை அதன் பின்னால் மாட்டுங்கள். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல.

பூத்துவிட்டால்? ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வித்தைத் தேய்த்துப் பரப்புவீர்கள். முதலில் உலரவிடுங்கள். அது பொடியான பிறகு, மென்தூரிகையால், நுண்தூசியையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் குழாயின் வாய்க்குள் தள்ளுங்கள். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். செத்த வித்தும் ஆஸ்துமாவைக் கிளப்பும், அதனால் காய்ந்துவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் பதம்செய்து அடைத்துவைத்த பறவை என்றால் தோலில் ஆர்செனிக் இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள். சிலவகைப் பூசணம் அந்த ஆர்செனிக்கை நச்சு வாயுவாகவே மாற்றும்.

நேரம் முடிகிறது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். புயலைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக, நனைந்த தாளுக்குக் கெடு 48 மணி நேரம். அதற்குள் உலர்த்த முடியாதா? பையில் கட்டி, மைனஸ் 20 பாகை ஃப்ரீசரில் வையுங்கள். பூசணம் சாகாது, வளராமல் நிற்கும். ஒட்டிய பக்கங்களை மட்டும் பிரிக்காதீர்கள். வணக்கம்.