எட்டு மில்லிமீட்டர் சந்து

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டறையில் தேன் பெட்டி வேலைக்கு உட்கார்ந்தால், இழைப்புளியைத் தொடுவதற்கு முன்னால் நான் கையில் எடுப்பது ஒரு சின்ன மரத்துண்டைத்தான். சுண்டுவிரல் நீளம், சரியாக 8 மில்லிமீட்டர் கனம். அடையைத் தாங்கும் மரச்சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் அது தட்டாமல், ஆடாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தப் பெட்டி பட்டறையை விட்டு வெளியே போகாது. இன்று நான் பேசப்போவது அந்தச் சந்தைப் பற்றித்தான்.

நம் ஊர் அடுக்குத் தேனீ மரப்பொந்தில் ஏழெட்டு அடைகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் கட்டும். இரண்டு அடைகளுக்கு நடுவில் தேனீ நடமாட ஒரு வழி விட்டுவைக்கும். நாம் விடும் இடைவெளி அந்த வழியை விட அகலமாக இருந்தால், வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து அங்கேயும் அடை கட்டிவிடும். குறுகலாக இருந்தால் தேனீ நுழைய முடியாது, மெழுகு அந்துப்பூச்சியின் புழு குடியேறிவிடும். சரியான அளவில் இருந்தால் மட்டும் அதைப் பாதையாக அப்படியே விட்டுவிடும்.

இதைப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார். பெட்டியின் மூடி ஒட்டிக்கொள்ளாமல் எளிதாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, மூடிக்கும், அடைகள் தொங்கும் மேல்கட்டைகளுக்கும் நடுவில் ஒரு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடம் விட்டிருந்தார். தேனீ அந்த இடத்தை அடைக்கவில்லை. ஆனால் அடைகள் பக்கச் சுவரோடு ஒட்டியே இருந்தன. ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். 1851 இலையுதிர் காலத்தில் அவருக்கு ஒன்று தோன்றியது: மேலே விட்ட அதே இடைவெளியைப் பக்கத்திலும் கீழேயும் விட்டு, அடையை நாலு பக்கச் சட்டத்துக்குள் கட்டவைத்தால் என்ன? 1852-இல் காப்புரிமை வாங்கினார். அதில் அவருக்குப் பணம் சேரவில்லை, வழக்குகள்தான் சேர்ந்தன. அந்தப் பெட்டிகளைத் தொடக்கத்தில் செய்துகொடுத்தவர் ஹென்றி போர்க்கின் என்ற மரச்சாமான் தச்சர். இந்தப் பெயரை எல்லோரும் விட்டுவிடுவார்கள். நான் தச்சன், விடமாட்டேன்.

சட்டம் வெளியே வந்த பிறகு மற்றவை மளமளவென்று வந்தன. 1857-இல் ஜெர்மனியில் மேரிங் என்பவர் அறுகோண அச்சு பதித்த மெழுகுத் தாளைச் செய்தார். 1865-இல் ருஷ்கா என்பவர் சட்டத்தைச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கவைக்கும் எந்திரத்தைக் காட்டினார். அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்கே போகும். புதிதாக மெழுகு சுரக்கத் தேனீ தன் தேனையே தின்றாக வேண்டும் என்பதால், அடை மிஞ்சினால் தேனும் மிஞ்சும். 1870-களில் துருத்தி வைத்த புகைப்பான் வந்தது. கழற்றி மாட்டும் சட்டம் இல்லாமல் அந்தச் சுழற்றும் எந்திரத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் இவை அத்தனையும் ஐரோப்பியத் தேனீயின் உடம்புக்கு எடுத்த அளவுகள். அதை வளர்ப்பவர்கள் ஒரு சட்டத்தின் நடுவுக்கும் அடுத்த சட்டத்தின் நடுவுக்கும் 35 மில்லிமீட்டர் வைக்கிறார்கள். நம் தேனீ சிறியது, அதன் அடையும் மெல்லியது. நமக்கு மேல்கட்டை 22 மில்லிமீட்டர், நடுவுக்கு நடு 31, மிஞ்சிப்போனால் 32. இந்தக் கணக்கைப் பெட்டியாக்கித் தந்தவரும் ஒரு பாதிரியார்தான், நியூட்டன் என்று பெயர். 1910-ஐ ஒட்டி நம் அடுக்குத் தேனீக்கென்றே, புழு வளரும் கீழ் அறையில் ஏழு சட்டம் மட்டும் வைத்த சிறிய பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தார். இன்றும் எங்கள் மார்த்தாண்டம் வட்டாரத்தில் ‘நியூட்டன் பெட்டி’ என்றால் தெரியாதவர் இல்லை. பெரிய பெட்டியைச் சின்னதாக்கியது ஒரு கண்டுபிடிப்பா என்று சிலர் கேட்பார்கள். கண்டுபிடிப்புதான். பூச்சியின் முன்னால் உட்கார்ந்து அளந்து பார்த்த மனுஷனுக்குத்தான் அது வரும்.

இளவயதில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பெட்டி செய்யத் தொடங்குவதற்கு முன்னால், வெளியூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து பத்துப் பெட்டி வாங்கினேன். பலகை பளபளவென்று இருந்தது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் 12 மில்லிமீட்டர் இருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில் தேனீக்கள் சட்டத்தைச் சுவரோடு சேர்த்து அடை கட்டிவிட்டன. தேன் எடுக்கச் சட்டத்தைத் தூக்கினேன், அடை கிழிந்து புழுவும் தேனும் அடிப்பலகையில் கொட்டியது. ராத்திரியே எறும்பு ஏறிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் நாலு பெட்டி காலி. நம் தேனீ அப்படித்தான், தொல்லை தாங்காவிட்டால் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அந்த நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

வந்த பிறகு இன்னொன்று புரிந்தது. பட்டறையில் 8 மில்லிமீட்டர் சரியாக வைத்து அனுப்பிய பெட்டியில், ஒரு கோடை கழிந்ததும் சட்டத்தின் அடி அடிப்பலகையில் போய் முட்டுகிறது. என்னடா இது என்று பல நாள் யோசித்தேன். பதில் மரத்தில் இருந்தது. மரம் காயும்போது நாரோட்டத்தின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். சட்டத்தின் பக்கக் கட்டை நாரோட்டத்தோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது, அதன் உயரம் மாறாது. பெட்டிச் சுவரில் நார் படுக்கைவாக்கில் ஓடுகிறது, அதனால் சுவரின் உயரம் இறங்கும். பச்சை மரமாக இருந்தால் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கினாலும், 16 சென்டிமீட்டர் சுவர் 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். இருந்த 8-இல் என்ன மிச்சம்? மேலே உள்ள தேன் அறையைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் தேனீ நசுங்கும். அதனால்தான் அயினிப் பலகையை ஒரு வருஷம் நிழலில் அடுக்கிவைத்து, நடுவில் குச்சி கொடுத்துக் காயவைத்த பிறகே அறுக்கிறேன். அவசரமாகப் பெட்டி கேட்டு வருகிறவர்களுக்கு வருத்தம்தான். அவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன்.

தேன் எடுக்கும் எந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேனில் புளிப்பு உண்டு, துத்தநாகம் பூசிய தகர டிரம்மை அது அரிக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் துருப்பிடிக்காத எஃகில் செய்யச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஒரு அப்பாவும் மகனும் 2015-இல் ஒரு புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் அறைகள், சாவியைத் திருகினால் ஒவ்வொரு அறையும் நடுவில் பிளந்து, தேன் தானாகக் குழாய் வழியே வடியும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அழகான யோசனை, தச்சனாக நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த அறைகளும் ஐரோப்பியத் தேனீக்கு வார்த்தவை. நம் அடுக்குத் தேனீக்கு அதைச் சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நமக்கு இப்போது வேண்டிய திருத்தம் வேறு. ஐரோப்பியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து சட்டத்தைப் பெட்டியோடு ஒட்டிவிடும். நம் தேனீக்குப் பிசின் சேர்க்கும் பழக்கம் இல்லை, அதனால் சட்டம் ஒட்டாமல் தளர்வாகவே நிற்கும். ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்காகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகிறோமே, மலைப்பாதையில் சட்டங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடி, அடையோடு அடை மோதி, ராணியே செத்துப்போகிறது. இதற்கு ஹாஃப்மன் சட்டம் என்று பழைய வழி ஒன்று இருக்கிறது. பக்கக் கட்டையின் மேல்பாதியை அகலமாக விட்டால் பக்கத்துச் சட்டத்தோடு தோள் தொட்டு நிற்கும், கீழ்ப்பாதியில் வழி திறந்தே இருக்கும். அந்தத் தோளை 31 மில்லிமீட்டருக்கு இறக்கிச் செய்து, போன தையில் ஆறு பெட்டியில் போட்டு அனுப்பினேன். ஆறும் சேதமில்லாமல் திரும்பின. ஆனால் மழைக்காலத்தில் தோள் உப்பி, இரண்டு பெட்டியில் சட்டத்தைக் கழற்றவே முடியவில்லை. அரை மில்லிமீட்டர் குறைக்க வேண்டுமா, முக்காலா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தேனீ வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெட்டிச் சுவரின் உயரத்தைப் பங்குனி வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை அளந்து, என்ன மரம் என்பதோடு சேர்த்து மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது மூடியைத் திறந்து நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வணக்கம்.