சந்தியில் தானாக நிற்கும் எஞ்சின்

வணக்கம் நேயர்களே. "அண்ணை, கார் சந்திக்குச் சந்தி நின்றுபோகுது, ஒருக்கா பாருங்கோ" என்று கராஜுக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்த்தால் காரில் ஒரு பிழையும் இராது. பெற்றோலை மிச்சம் பிடிக்க இப்போதைய கார்களில் வைத்திருக்கும் வசதி அது, பிரேக்கை மிதித்து நின்றால் எஞ்சின் தானாக நிற்கும், காலை எடுத்தால் தானாக ஸ்ராட் ஆகும், அவ்வளவுதான். இங்கே யாழ்ப்பாணத்தில் 1990களில் பெற்றோல் அரிதாகிப்போன பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. காபரேற்றருக்குள் துளித்துளியாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்த எஞ்சினை வழியில் நிற்பாட்ட யாருக்கு மனம் வரும்?

பலருக்கும் உள்ள பயம் ஸ்ராட்டரைப் பற்றியது. ஒரு நாளைக்கு இத்தனை தரம் ஸ்ராட் ஆனால் தேய்ந்துபோகாதா என்று கேட்கிறார்கள். இந்த வசதியோடு வரும் கார்களுக்கு ஸ்ராட்டரையும் எஞ்சினின் பெயரிங்குகளையும் அதற்கென்றே உறுதியாகச் செய்கிறார்கள், தானாக நிற்பதும் எஞ்சின் சூடான பிறகுதான், ஆகவே அதை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். நான் கவலைப்படச் சொல்வது பற்றரியைப் பற்றித்தான்.

எஞ்சின் நின்றிருக்கும் நேரத்தில் லைற், ரேடியோ, ஏசியின் காற்றாடி எல்லாம் பற்றரியில் ஓடுகின்றன, பிறகு ஸ்ராட் செய்யவும் அதே பற்றரிதான். வீட்டிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு, சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து வீட்டுக்கு என்று சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் கார் எடுத்த சார்ஜைத் திருப்பி ஏற்ற நேரம் காணாது. அதற்காகத்தான் இந்தக் கார்களுக்குத் தனி வகைப் பற்றரி. ஜப்பான் பற்றரியின் மேல் பாருங்கள், சாதாரணமானதில் 40பி19 என்கிற மாதிரி நீளமாக இருக்கும், இதற்குரியதில் எம்-42, என்-55, கியூ-85 என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். விலை கூடத்தான். அந்த விலைக்குப் பயந்து சாதாரண பற்றரியைப் போட்டுவிட்டு, சில மாதத்தில் "கார் இப்போது சந்தியில் நிற்குதில்லை" என்று சொல்பவர்கள் கனபேர். அது பற்றரி களைத்துப்போனதைக் கண்டு கார் தானே அந்த வேலையை விட்டுவிட்டது! இந்த வசதியை நிற்பாட்டும் சுவிச்சை அமத்தி வைத்து ஓடுபவர்களும் உரிய பற்றரியையே போடுங்கள், ஏனென்றால் வேகம் குறைக்கும்போது பார்த்துச் சார்ஜ் ஏற்றும் கார்களில் சாதாரண பற்றரி அவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏறுவதற்கு ஈடுகொடுக்காது.

சரி, மிச்சம் எவ்வளவு? சின்னக் கார் ஒன்றை ஏசியோடு ஒரு மணித்தியாலம் சும்மா நிற்பாட்டி ஓடவிட்டால் ஏறத்தாழ அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை எரியும். நாளுக்குப் பத்து நிமிடம் எஞ்சின் நின்றால், மாதம் மூன்று நான்கு லீற்றர் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் காலி வீதியில் ஓடுபவருக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு பயணத்திலேயே வந்துவிடும். எங்களுக்கு? கோண்டாவிலிலோ இணுவிலிலோ ரயிலுக்குக் கடவை மூடினால், ஆஸ்பத்திரி வீதியில் நெரிசல் பிடித்தால், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிகளை மறித்தால் வரும். மற்ற நாள்களில் சந்தியில் நிற்பதே சில விநாடிகள்தான். திரும்ப ஸ்ராட் செய்யச் செலவாகும் பெற்றோல், ஐந்து முதல் பத்து விநாடி எஞ்சின் சும்மா ஓடுவதற்குச் சமம், அதற்குள் நீங்கள் புறப்பட்டுவிட்டால் இலாபமே இல்லை. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று பெற்றோல் அளந்து தந்த காலத்தில் ஒவ்வொரு துளியையும் பார்த்தோம், அது வேறு கதை.

அடுத்தது வெயில். சாதாரண பெற்றோல் கார்களில் ஏசியின் கொம்பிரசர் எஞ்சினின் பெல்ட்டில்தான் சுற்றுகிறது, எஞ்சின் நின்றால் அதுவும் நின்று காற்றாடி மட்டும் வீசும். சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே புழுங்கத் தொடங்க, கார் தானே எஞ்சினை ஸ்ராட் செய்துவிடும், ஆக மிச்சம் எங்கே? சுசுகி 2012இல் ஜப்பானில் வேகன் ஆரை மாற்றியபோது, குளிரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருளை ஏசிக்குள் வைத்தது இதனால்தான். அந்த மொடல் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்ததுமே, முழுதாக நிற்க முன்னரே எஞ்சினை நிற்பாட்டிவிடும், மெதுவாக ஊர்ந்து சந்திக்குள் நுழைபவர்களுக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவற்றின் ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது.

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் சின்ன ஓட்டத்துக்கு சுவிச்சை அமத்தி நிற்பாட்டி வையுங்கள். கடவையிலோ கொழும்பிலோ அப்படியே விடுங்கள். காரை முழுதாக நிற்பாட்டித் திரும்ப ஸ்ராட் செய்யும்போது இந்த வசதி தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும், ஒவ்வொரு முறையும் அமத்தத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எஞ்சின் சத்தமில்லாமல் நின்றிருப்பதைப் பார்த்து, கார் ஓவ் என்று நினைத்துப் பொனற்றைத் திறந்து கைவிடாதீர்கள். பெரும்பாலான கார்களில் பொனற் திறந்தால் ஸ்ராட் ஆகாதபடி ஒரு சுவிச் உண்டு, ஆனால் முன்பக்கம் இடிபட்டு வந்த காரில் அது வேலை செய்யும் என்று யார் சொல்வது? சாவியைத் திருப்பியோ பட்டனை அமத்தியோ முழுதாக நிற்பாட்டிவிட்டே தொடுங்கள். வணக்கம்.