இடியன் துவக்குக்கு நல்ல மருந்து எது?

[காட்சி: பிரட்றிக் கோட்டை. கடலைப் பார்த்த பீரங்கி.]

வணக்கம். திருகோணமலையை 1782-ல் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் சுட்டது கரிமருந்தால்தான். இடியன் துவக்கின் வாய்வழியே கொட்டி இடிக்கிறோமே, அதே வகை மருந்து.

பலமாக வெடிப்பதுதான் நல்ல மருந்து என்று பலர் நம்புகிறார்கள். பிரெஞ்சு அரசும் 1686-ல் அப்படித்தான் சோதித்தது. குண்டை மேல்நோக்கி எறியும் சிறிய குட்டைப் பீரங்கியில் மூன்று அவுன்ஸ் மருந்து போட்டு, 60 இறாத்தல் குண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார்கள். அது பலத்தைக் காட்டும். ஆனால் குறி பார்த்துச் சுடுகிறவருக்கு, ஒவ்வொரு வெடியும் முந்தின வெடியைப் போலவே இருப்பதுதான் முக்கியம்.

[காட்சி: வெள்ளைத் தாளில் மருந்து மணிகள்.]

சரி, மணிகளைப் பாருங்கள். தாளைச் சாய்த்தால் உருண்டு ஓட வேண்டும், கறுப்புத் தூள் அதிகம் தங்கக்கூடாது. மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் நெருப்பு பரவுகிறது. தூள் அதை அடைத்தால் எரியும் வேகம் மாறிவிடும்.

அடுத்தது அடர்த்தி. மருந்தை அளவுக் குழலால் அளக்கிறோம், அதாவது கன அளவால். ஆலையில் ஒரு தொகுதியைக் கூடுதலாக அழுத்தியிருந்தால், அதே குழலில் கூடுதல் எடை ஏறும். அதனால் சில குழல் மருந்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

திருமலையில் வாடைக்காலத்தை மறக்கவே கூடாது. கரிமருந்தின் முக்கியப் பொருள் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைத்திரேற்று. சுத்தமான வெடியுப்பு காற்றிலிருந்து ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. சோடியம் நைத்திரேற்று கலந்திருந்தால் நன்றாகவே இழுக்கும். நனைந்த மருந்தில் வெடியுப்பு கரைந்து, காயும்போது வெள்ளைப் புள்ளிகளாக மேலே படியும். அதைக் கச்சான் வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய கலவை திரும்பாது. அப்படிப்பட்ட மருந்தைத் துவக்கில் போடவே வேண்டாம்.

[காட்சி: வேகமானி.]

கடைசித் தீர்ப்பு, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில். ஒரு மருந்து செக்கனுக்கு 1,450 அடிக்கும் 1,600 அடிக்கும் இடையில் அலைகிறது, இன்னொன்று 1,400-ஐ ஒட்டியே நிற்கிறது என்று வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். துவக்கின் குழலுக்குள் படியும் கரியையும் பாருங்கள்: ஈரத்துணியில் சுலபமாக வந்தால் நல்லது. கட்டியாக இறுகினால் அடுத்த குண்டு இறங்கச் சிரமப்படும், வேகமும் மாறும்.

அப்புறம், அனுமதி பெற்று வாங்கிய மருந்தின் தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். எண் மாறினால் பழையதோடு கலக்காமல், நிறுப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.