அளவுகோல் யார் கையில்?

நடுவர் அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊரவரே, வணக்கம்.

"குரங்கோடு ஒப்பிட்டால் மனிதரிடம் விஞ்சி நிற்பது வேற்றுமையே" என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். இல்லை, ஒற்றுமையே என்பது எங்கள் அணி. கைதட்டலும் பலம். தட்டியவர்களில் பாதிப்பேர், தென்னையில் ஒரு குரும்பட்டிகூட மிஞ்சாத கோபத்தில் தட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒட்டுசுட்டான் காட்டோரம் என் வளவிலும் அதே கதைதான். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடம் வளவில் நிற்கும் குரங்குகளை எண்ணித் தரச் சொல்லி அரசாங்கம் நாடு முழுக்கக் கேட்டதே, தாளும் பேனையுமாக நின்றேன். ஒரு வாலைக்கூடக் காணவில்லை. தாளை மடித்துவிட்டுத் திரும்பினால் பப்பாசி மரத்தில் பதினொன்று! ஒரு தாய்க் குரங்கு ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து, காயை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் முறுக்கிக் கழற்றியது. சந்தையில் என் மனைவி செய்வதும் அதேதான். வீட்டுக்குப் போய் நான் வாங்கிக் கட்டப்போவது இருக்கட்டும்.

தம்பி முதலில் நீட்டிய அளவுகோல் கருவி. கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமாம். தம்பி, அந்தக் கோல் 1960இலேயே முறிந்துவிட்டது. இன்றைய தன்சானியாவின் கொம்பே காட்டில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிம்பன்சி குச்சியை ஒடித்து, இலையை உருவி, புற்றுக்குள் விட்டு, கவ்விக்கொண்டு வந்த கறையானை வழித்துத் தின்றது. செய்தி கேட்ட லூயி லீக்கி, அவரை அங்கே அனுப்பிவைத்த ஆய்வாளர், கருவி என்றால் என்ன, மனிதன் என்றால் யார் என்பதை மாற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சிம்பன்சியையும் மனிதனாக ஏற்கவேண்டும் என்றார். நாங்கள் கோலை மாற்றினோம். நினைவாற்றல் என்றோம். 2007இல் ஜப்பானில் அயுமு என்ற சிம்பன்சிக் குட்டி, திரையில் மின்னி மறைந்த இலக்கங்களை வரிசை பிசகாமல் தொட்டுக் காட்டியது. பல்கலைக்கழக மாணவர்கள் தோற்றார்கள். பயிற்சி எடுத்தால் மனிதரும் எட்டலாம் என்கிறார்கள், உண்மைதான். குரங்கை எட்ட ரியூஷனுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டோமே ஐயா! பரீட்சைத் தாள் எழுதுவதும் நாங்கள், திருத்துவதும் நாங்கள். குரங்கு பாஸாகிற பாடத்தை மட்டும் அடுத்த வருஷம் எடுத்துவிடுகிறோம்.

அடுத்து நியாய உணர்வு என்றார். 2003இல் ஆய்வாளர்கள் சேரா பிரொஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் கப்புச்சின் குரங்குகளை வைத்து ஒன்று செய்தார்கள். கையிலுள்ள கல்லைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு துண்டு வெள்ளரிக்காய். இரண்டுக்கும் வெள்ளரிக்காய் என்றவரை வில்லங்கமில்லை. பக்கத்தில் இருந்ததற்குத் திராட்சை போனதும் மற்றது வெள்ளரிக்காயை வேண்டாமென்றது, எறிந்ததும் உண்டு. அது ஏன் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு விளக்கம் தேவையில்லை. 2009இல் முகாமில் வாளியோடு வரிசையில் நின்றவன் நான். ஒருநாள் பக்கத்து வரிசைக்குப் பருப்பும் சோறும், எங்களுக்கு வெறுஞ்சோறு. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு அம்மம்மா, கோப்பையை மண்ணில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனா. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மொழியைத் தம்பிக்கே விட்டுத்தருகிறேன். குரங்கு பட்டிமன்றம் வைக்காது. ஆனாலும் பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளைக் கவனித்துவந்த வொல்ஃப்காங் டிட்டஸ் ஒன்று எழுதியிருக்கிறார். நிறையத் தீனியைக் கண்ட குரங்கு அதற்கென்று ஒரு குரல் எழுப்புமாம், கூட்டம் ஓடிவருமாம். அன்று பப்பாசி மரத்திலும் ஒரு குரல் கேட்டது. பழம் பழுத்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று ஒரு கிழமையாக வாயே திறக்காமல் இருந்தவன், நடுவர் அவர்களே, நான்தான்.

மணியை அடித்துவிட்டீர்கள். இறங்குகிறேன்.