கண் ஏமாறும், காது ஏமாறாது

நடுவர் அவர்களே, அல்சூரிலிருந்தும் மடிவாளாவிலிருந்தும் டிராஃபிக்கைத் தாண்டி வந்திருக்கும் பெங்களூருத் தமிழ் மக்களே, வணக்கம்.

காட்டு விலங்குகளின் குரலைப் பதிவு செய்து இருட்டறையில் நம்மைச் சுற்றி ஒலிக்கவிடும் கலை காட்டைக் காக்குமா, வெறும் கேளிக்கையா? காக்கும் என்பது எங்கள் அணி. ஏசி ஹாலில் காட்டைக் கேட்டவன் நிஜக் காட்டை மறந்துவிடுவான் என்றார் எதிரணித் தோழி. சரி, நிஜக் காட்டுக்குப் போய் நாம் என்ன செய்கிறோம்? பன்னர்கட்டாவில் சஃபாரி வண்டி நின்றதும் போனைத் தூக்குகிறோம். கேட்டோமா?

பெர்னி கிரௌஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் 1988-இல் கலிபோர்னியாவின் லிங்கன் மெடோ என்ற காட்டுப் புல்வெளியில் விடியற்காலை ஒலியைப் பதிவு செய்தார். பொறுக்கியெடுத்த சில மரங்களை மட்டும் வெட்டினால் காட்டுக்குப் பாதிப்பில்லை என்று சொல்லி அங்கே வெட்டினார்கள். மறு ஆண்டு அவர் அதே இடத்துக்குப் போனார். போட்டோவில் காடு அப்படியே இருந்தது. ஒலிநாடாவில் ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் மிச்சம். மற்ற பறவைகளெல்லாம் போன இடம் தெரியவில்லை. கண்ணை நம்பியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவருடைய பதிவுகள்தான் 2016-இல் பாரிஸின் கார்த்தியே கலை அறக்கட்டளையில் காட்சியாக வந்தன. ஒலிக்க ஒலிக்க, ஒவ்வொரு குரலும் சுவரில் ஒளிக்கோடாக ஓடும். கனத்த குரல் கீழே, கீச்சுக்குரல் மேலே. ஓர் உயிர் வாயை மூடினால் அந்த இடம் இருட்டாகிவிடும்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லாதீர்கள். மூங்கில் துளையில் காற்று குழலூத, அருவி முழவு கொட்ட, வண்டு யாழ் மீட்ட, மயில் ஆடுவதை மந்திகள் வியந்து பார்த்ததாக அகநானூற்றில் கபிலர் பாடிவிட்டார். காட்டைக் கச்சேரியாகக் கேட்டவர்கள் நாம்.

என் அம்மா தாளவாடிப் பக்கம் பிறந்தவர். இங்கே எட்டாவது மாடியில் இருபது வருடமாக ஹாரன் சத்தத்தோடு வாழ்கிறார். போன வாரம் யானைகளின் பதிவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தார். "அதிருது பாரு, இது அதட்டுற சத்தம் இல்ல, கூப்பிடுறது" என்றார். அப்புறம், "நம்ம ஊர்ல இன்னும் யானை வருதா?" என்று மாமாவுக்குப் போன் போட்டார்.

நடுவர் அவர்களே, இருபது வருடத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான்.